பச்சைப் பக்கம் தைத்த கட்டை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. அப்பா வந்து அணைத்துவிட்டு, "என்ன, பையனுக்கு ஏதாச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. நீ சொன்ன விஷயமும், அதைச் சொல்லி முடித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பும்தான் என்னைப் போனை வைக்க விடவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பயத்தை மூடி வைக்கச் சிரிக்கிற சிரிப்பு அது. என்னிடமிருந்து உனக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு இன்றே அனுப்பிவிடுவேன். அதன்பிறகு, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போகிறார்களாம், அதில் போடக் கொடுப்பேன். அது நான் படித்த பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அங்கே படித்தவர்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைப் பற்றி எழுதியதை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். என்னைப் பற்றியது அப்படியே இருக்கும்.

உங்கள் நியூசிலாந்தில் கொடியை மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு வருஷமாக நடக்கிற வாக்குவாதத்தை நீ வாராவாரம் சொல்லிக்கொண்டு வந்தாய். பழைய கொடியின் மூலையில் இங்கிலாந்துக் கொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாய். புதுக் கொடியில் கறுப்பும் நீலமும், குறுக்கே வெள்ளையில் ஒரு பெரணி இலை. முதலில் ஐந்து படங்களைக் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்டார்கள், இப்போது ஜெயித்த படமா பழைய கொடியா என்று இரண்டாவது தடவை கேட்கிறார்கள், ஓட்டுச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டது என்றெல்லாம் சொன்னாய். நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவனுக்கும் ஓட்டு உண்டு என்று நீ பெருமையாகச் சொன்னபோது அப்பா உன்னைக் கிண்டல் செய்தார். "நம்மூர்ல கட்சி ஒடஞ்சா கொடியில ஒரு கோடு கூட்டுவாங்க, இல்லாட்டி ஒரு கோட்ட அழிப்பாங்க. அதுக்கு எவன் ஓட்டு கேட்டான்? நாட்டுக் கொடிய மாத்துறதுக்கு ஓட்டா? வேற வேலை இல்லியா அங்க?" நீ விடவில்லை. "அப்பா, நம்ம நாட்டுக் கொடி மூலையில வெள்ளக்காரன் கொடி இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டாய். அன்றைக்கு நீ பேசியது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இந்த வாக்குவாதம் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்துவிட்டது என்றாய். பெரியவர்கள் பழைய கொடி பக்கம், உங்களைப் போன்ற சின்னவர்கள் புதுக் கொடி பக்கம். அங்கே இருக்கிற ஒரு பெரியவரின் அண்ணன் அந்தப் பழைய கொடியின் கீழ்தான் போருக்குப் போனார், திரும்பவில்லை என்றும் நீயேதான் ஒரு தடவை சொன்னாய். அப்படித் தெரிந்திருந்தும் நீ அதைச் செய்தாய். ராத்திரியில் தோட்டத்து ஷெட்டில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, கொடிக்கம்பத்துப் பெட்டியைத் திறந்து, பழையதை இறக்கிவிட்டுப் புதுக் கொடியை ஏற்றி, இன்னும் இரண்டு மூன்று பேரோடு பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டாய். காலையில் அந்தப் பெரியவர் சக்கர நாற்காலியில் வெளியே வந்து, கம்பத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் மகள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். சாவி யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தோட்டம் பார்க்கிற மெலே என்ற டோங்கா நாட்டு அம்மாவின் பொறுப்பு. வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள்.

"வார்னிங்தாம்மா குடுப்பாங்க. பெருசா ஒண்ணும் ஆவாது. நான் போய் சொன்னா எனக்குத்தான் ரெக்கார்டுல ஏறிடும்" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "பாத்து நடந்துக்கடா" என்றேன். அவ்வளவுதான். பெற்றவள் சொல்கிற பேச்சா அது?

உன்னைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்பது வயசில், தேவனாம்பட்டினத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமாவின் டிவிஎஸ் வண்டியில் பெட்ரோல் ஊற்றுகிற மூடியைத் திறந்து இரண்டு கை மணலைப் போட்டாய். எதற்குப் போட்டாய் என்று உனக்கே தெரியவில்லை. வண்டி கிளம்பாமல் நின்றதும் மாமா தன் மகன் செந்திலைத்தான் பிடித்தார். செந்தில் "நான் இல்லப்பா, நான் இல்லப்பா" என்று கத்தக் கத்த பெல்ட்டால் அடித்தார். நீ என் புடவைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, "அம்மா, நான்தாம்மா" என்று கிசுகிசுத்தாய். நான் குனிந்து உன் காதில், "மூச்சு வுடாத" என்றேன். உனக்கு அந்த வார்த்தை ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம். எனக்கு இருக்கிறது. நீ சொல்லத்தான் வந்தாய். வாயைப் பொத்தியது நான். அதற்குப் பின்னால் செந்தில் நம் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். அவன் கல்யாணத்துக்குப் போய்ச் சேலையும் பேண்டும் வைத்துக் கொடுத்தேனே தவிர, மாமாவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் ஏன் அப்படி ஆனேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். இதை அப்பாவிடம்கூட நேற்றுதான் சொன்னேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று உனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஆள் வேண்டியிருந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. கணக்கும் தமிழும் எனக்கு நன்றாக வரும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மட்டும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்ப்பதை நினைத்தாலே காய்ச்சல் வந்துவிடும். அதனால் படிப்பை நிறுத்தச் சொன்னபோது நான் அழவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது. வீட்டு வேலை முடிந்து மீதி நேரத்துக்கு, சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தையல்கடைக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டு மிஷின். வாசல் பக்கம் மாஸ்டர், உள்பக்கம் திரைக்குப் பின்னால் நான். யார் கண்ணிலும் படாத அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்குப் பதினாறு வயசு. அந்த ஆடி மாதம் ஒரு கட்சி இரண்டாக உடைந்திருந்தது. பிரிந்து வந்தவர்கள் மாநாடு போடப் போகிறார்கள், அவர்களுக்குப் புதுக் கொடி வேண்டும். கொடி என்ன என்பதே முடிவாகாமல் துணி மட்டும் வந்து இறங்கிவிட்டது. கரை வேட்டி கட்டிய இரண்டு பேர் தினம் ஒரு தடவை வந்து கடை வாசலில் நின்று கட்சி நடத்துவார்கள்.

"மாஸ்டர், பச்சைய மேல வையுங்க. செவப்பு மேல இருந்தா அவுங்க கொடியாட்டம் இருக்குது."

"முந்தாநேத்துதான செவப்பு மேலன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

"அது முந்தாநேத்து. தலைவரு நேத்து மாத்திட்டாரு."

"நாளைக்கி நடுவுல வைக்கச் சொல்லுவாரா? சொல்லிப்புடுங்க, கத்திரியக் கீழ வைக்காம நிக்கிறேன்."

கடைசியில் பச்சை மேல் என்று நின்றது. மாநாட்டுத் திடலில் கயிறு போட்டு ஏற்றுகிற பெரிய கொடிகள் எல்லாம் என் பொறுப்பு. இந்தக் கொடிகள் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. கம்பத்துப் பக்கம் கெட்டியான வெள்ளைக் கித்தானில் நீளமாக ஒரு பட்டி தைப்போம். அதற்குள் ஒரு கயிறு ஓடும். கயிற்றின் மேல்முனையில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, கீழ்முனையில் ஒரு வளையம். கம்பத்துக் கயிற்றில் கொடியைக் கட்டுகிறவர் நிறத்தைப் பார்க்க மாட்டார். கொடி மடித்து, உள்ளே பூ வைத்து, பொட்டலமாக இருக்கும். அவர் கை தேடுவது கட்டையைத்தான். கட்டை இருக்கிற பக்கம் மேலே. அவ்வளவுதான் கணக்கு. அந்த இரண்டு வாரமும் நான் பச்சைத் துணியைத் தொட்டதும் அதன் ஓரத்தில் கட்டையை வைத்துத் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் கை அதைச் செய்யும்.

அந்தச் சமயத்தில்தான் ஜமால் பாய் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பியூன். பரங்கிப்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். பள்ளிக்கூடத்து தேசியக் கொடியில் பட்டி கிழிந்து கயிறு இற்றுப்போயிருந்தது. பட்டியை மாற்றி, புதுக் கயிறு கோத்துத் தரச் சொன்னார். "இந்தப் பொண்ணு வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல மாஸ்டர். ஊசிதான் பேசுமா?" என்று திரைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் இன்னும் குனிந்துகொண்டேன். மறுநாள் அதைத் தைத்தேன். பச்சைப் பக்கம் கட்டையை வைத்துத் தைத்தேன்.

சுதந்திர தினத்தன்று மாநாட்டு வேலைக்காகக் கடை திறந்திருந்தது. பத்து மணி வாக்கில் வாசலில் பேச்சு கேட்டது. பள்ளிக்கூடத்துக் கொடி தலைகீழாகப் பறந்ததாம். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் கயிற்றை இழுத்தாராம், பூ கொட்டியதாம், பிள்ளைகள் கை தட்டியபோது பச்சை மேலே இருந்ததாம். யாரோ ஒருவர், "பாய் கட்டுனா பச்சதானடா மேல வரும்!" என்று கத்தினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். நான் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடை திறந்த கையோடு பாய் வந்தார். மாஸ்டர் பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். பாய் கொடியை விரித்துக் காட்டினார்.

"பாப்பா, இங்க பாரு. கட்டை பச்சப் பக்கம் இருக்குது. ஒடனே எறக்குனப்பதான் நானே பாத்தேன். ஒன் மேல கோவமில்ல. கை தவறுறது எல்லாருக்குந்தான். ஆனா என்னய வேணும்னே பண்ணுனேங்குறாங்க. போலீசுக்குச் சொல்லணுங்குறாங்க. இதப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனா நானே ராத்திரியில மாத்தித் தச்சிட்டேம்பாங்க. ஹெச்.எம்.ம இங்கயே கூட்டியாறேன். அவரே வந்து பாத்து, தச்ச ஒன்னயும் கேட்டுக்கட்டும். நீ பத்திரமா வச்சிரு, என்னா?"

நான் தலையாட்டினேன். அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அதற்கப்புறம் நான் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. ஹெச்.எம். வருவார், கூட நாலு பேர் வருவார்கள், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், என்னைப் பேசச் சொல்வார்கள் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது. பாதி பிளேடை எடுத்துப் பட்டியின் இரண்டு முனையிலும் தையலைப் பிரித்தேன். கயிற்றை உருவி, திருப்பிக் கோத்து, காவிப் பக்கம் கட்டை வரும்படி வைத்து மறுபடி தைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஒரு தையல் போட்டதில்லை.

ஹெச்.எம். வந்தார். டிரில் மாஸ்டரும், முந்தினநாள் கொடியேற்ற வந்த கூட்டத்தில் ஒருவரும் வந்தார்கள். ஹெச்.எம். கொடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன பாய் இது? கட்டை காவிப் பக்கந்தானே இருக்குது?" என்றார். பாய் வாங்கிப் பார்த்தார். பட்டி நெடுகிலும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். முனையில் விரல் நின்றது.

"ஏம்மா, நீதான தச்சே? இப்பிடித்தான் தச்சுக் குடுத்தியா?" என்று ஹெச்.எம். என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

கூட வந்தவர், "அந்தப் பொண்ணு தல நிமிந்தே பாக்காது சார், அதுவா பொய் சொல்லப் போவுது?" என்றார்.

பார்த்தாயா கண்ணு? எனக்குச் சாட்சி சொன்னது என் கூச்சம்தான். கூச்சம் உள்ளவர்கள் நல்லவர்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ஒரு மனுஷனின் வேலையைப் பறித்தேன். பாய் என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடியை மடித்து ஹெச்.எம். கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பாய்க்கு வேலை போய்விட்டது. வழக்கு வேண்டாம் என்று யாரோ பேசி முடித்தார்களாம். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு வழி இருக்கிறது தெரியுமா? அந்தப் பள்ளிக்கூடத் தெரு வழியாக நடக்காமல் இருந்தேன். பரங்கிப்பேட்டை பஸ் நிற்கிற இடத்தில் நிற்காமல் இருந்தேன். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்ததும், சிதம்பரம் போகிற வேலையையே குறைத்துக்கொண்டேன். இங்கே செம்மண்டலத்தில் மிஷின் போட்டு இத்தனை வருஷமாக ரவிக்கை தைக்கிறேன், பாவாடை தைக்கிறேன், பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கிறேன். கொடி தைக்கச் சொல்லி வந்தால், "நேரமில்லீங்க" என்று அனுப்பிவிடுவேன். நீ கேட்டிருக்கிறாய், "ஏம்மா, ஈசி வேலதான?" என்று.

நீ பேசிய அன்றைக்கு இரவு முழுக்க மெலே என்கிற அந்த அம்மா எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் பாய் முகம்தான் வந்தது. மறுநாள் காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷமா என்கிட்ட கூடவா?" என்று மட்டும் கேட்டார். பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும், கூட வருகிறீர்களா என்றேன். "நான் வரல. வந்தா நீ என் முதுவுக்குப் பின்னால நின்னுக்குவ. நீயே போ" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே தனியாகப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பள்ளிவாசல் பக்கத்துக் கடையில், "முன்னாடி சிதம்பரத்துல பியூனா இருந்த ஜமால் பாய்" என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கே மூன்று கடை தாண்டி வந்தேன். கடைக்காரர், "யாரு, சவுதியில இருந்து வந்தாரே அவரா?" என்று கேட்டு வழி சொன்னார். வேலை போன பிறகு பன்னிரண்டு வருஷம் சவுதியில் ஒரு வீட்டில் தோட்டக்காரராகவும் டிரைவராகவும் இருந்திருக்கிறார். தன் அம்மா மவுத்தானதற்குக்கூட வர முடியவில்லையாம். அதை அவர் மகள் ரஹ்மத் சொன்னாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். பாய் வாசலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பாய், நான்தான் அந்த தையக்கடப் பொண்ணு. கட்டையப் பச்சப் பக்கம் தச்சது நான்தான். அப்புறம் மாத்தித் தச்சதும் நான்தான்" என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியுமே" என்றார். "பழைய ஊசி ஓட்ட இருந்துச்சு பாப்பா, கித்தான்ல. வெரலு பட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"யாருகிட்ட? நான் ஓட்டையக் காட்டுனா, அதயும் நாந்தான் பண்ணுனேம்பாங்க. ஒன்னயப் பாத்தேன். வெலவெலன்னு நின்ன. வாயே தொறக்காத பொண்ணு சொல்றத நம்புவாங்களா, பச்சய மேல கட்டுன பாய் சொல்றத நம்புவாங்களா? கணக்குப் போட்டேன். வந்துட்டேன்."

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் பேசாமல் போனார் என்று முப்பது வருஷமாக மனசுக்குள் ஒரு கதை வைத்திருந்தேன், கண்ணு. அந்தக் கதையால்தான் என்னால் தூங்க முடிந்தது. அது பொய். நான் அவர் வாயை அடைத்திருந்தேன், அதனால் பேசவில்லை.

ரஹ்மத்துக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே போய்த் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு டம்ளர். அதை வாப்பா கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஆறாவது படிச்சேன். வாப்பா கூடத்தான் பஸ்ஸுல போவேன். அதுக்கப்புறம் என்னய பசங்க என்ன சொல்லிக் கூப்புட்டாங்க தெரியுமா ஒங்களுக்கு? தலகீழு. தலகீழு வர்றா, தலகீழு போறான்னு. வருஷக் கடசியில நின்னுட்டேன். அந்த வயசுலயே தையக்கடையில இருந்தீங்கன்னா நீங்களும் படிக்காம நின்னவங்கதான? ஒங்களுக்குத் தெரியாதா?"

பாயின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று குனிந்தேன். பாய் காலை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வேணாம். நீ வந்தது நல்லது. ஆனா எங்கிட்ட சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கி எரநூறு பேரு பாத்தாங்க. அவுங்களுக்கு யாரு சொல்றது?" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய மாணவர்கள் மலர் போடுகிற விஷயத்தைச் சொன்னது ரஹ்மத்தான். அவளோடு படித்த ஒருத்தி இன்னும் பேச்சு வைத்திருக்கிறாளாம். "எழுதிக் குடுங்க. அழகா எல்லாம் எழுத வேணாம். நடந்தத எழுதுங்க" என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் நின்றவர்களில் யாராவது இதைப் படித்தால், தெரிந்துகொள்ளுங்கள்: ஜமால் பாய் எப்போதும் கட்டுகிற மாதிரிதான் கட்டினார். தப்பாகத் தைத்தது நான். கேட்டபோது பொய் சொன்னதும் நான். சிரித்தவர்களையும் கத்தியவரையும் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

இனி உன்னிடம் வருகிறேன். எந்தக் கொடிக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு நாடு தன் கொடியை மாற்றிக்கொள்ள நினைப்பதில் என்ன தப்பு? அந்தப் பெரியவரின் அழுகையும் எனக்குப் புரிகிறது. இரண்டு பேரும் மேஜையில் எதிர் எதிராக உட்கார்ந்து வருஷக்கணக்கில் சண்டை போடலாம், அதில் யாருக்கும் சேதம் இல்லை. ஆனால் மெலே அந்தச் சண்டையிலேயே இல்லை. அவளுக்கு எந்தக் கொடி பிடிக்கும் என்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? அவள் சாவியை மாட்டி வைத்தாள், அவ்வளவுதான். அவளை விசாரிக்கும்போது, அவள் நிறத்தையும் அவள் ஊரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். வார்னிங்தான் என்று நீ சொல்கிறாய். பாய்க்கும் முதலில் வார்னிங் என்றுதான் பேச்சு இருந்ததாம், ரஹ்மத் சொன்னாள். யாருக்கு எது பெருசு, எது சின்னது என்று தப்புச் செய்தவன் முடிவு செய்யக் கூடாது.

சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வேலை போகலாம். கூட நின்று செல்பி எடுத்தவர்கள் உன்னிடம் பேசாமல் போகலாம். அந்தப் பெரியவர் உன் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று உன்னை ஏமாற்றவும் மாட்டேன். நான் பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பி வரும்போது எனக்கு எதுவும் லேசாகவில்லை. ஆனால் உனக்கு இன்னும் முப்பது வருஷம் ஓடிவிடவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எனக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. அதை நான் தையல் பிரிக்கச் செலவழித்தேன்.

ஒன்பது வயசில் உன் காதில் சொன்னதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மூச்சு விடு. சத்தமாக விடு. செந்திலிடமும் மாமாவிடமும் நான் இந்த வாரமே போய்ச் சொல்கிறேன், அது என் பாடு. வியாழக்கிழமை அவளை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நீ போய்விடு. அவள் அந்த அறைக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கதவுக்குப் போகும் வழியில் அவளைத் தாண்டித்தான் நீ போக வேண்டியிருக்கும். தாண்டிப் போகாதே. நின்று, முதலில் அவளிடம் சொல். அப்புறம் கதவைத் தட்டு.

இதைவிடத் தைரியமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா